நாற்பத்தொரு கிணறுகள்

முதலில் வைத்த தலைப்பு: கணவாயின் காற்று.
காற்றை எதை வைத்து அளப்பாய் என்று கேட்டார் ஸ்ரீலேகா டீச்சர்.
துறையிலிருந்த காற்றுமானிக்கு
மூன்று கிண்ணங்களில் ஒன்றைக் காணோம்.
இரண்டாவது: கொழிஞ்சாம்பாறைக் கள்ளுக்கடைகளின் பரவல்.
அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்.
மூன்றாவதுதான் கிணறு.

வேலந்தாவளத்திலிருந்து மீனாட்சிபுரம் வரை
எல்லையோரமாக நாற்பத்திரண்டு,
டிசம்பர் முதல் மே வரை மாதம் ஒருமுறை.
ஐம்பது மீட்டர் டேப்,
அதன் நுனியில் கட்ட
அண்ணன் பட்டறையிலிருந்து எடுத்த நட்டு ஒன்று,
வண்டிக்கும் வழித்துணைக்கும் ஷம்லா.

இரண்டு அரசாங்கம், இரண்டு கால்வாய்க் கணக்கு,
அதனால் நீர்மட்டமும் இரண்டாக இருக்கும்
என்பது எங்கள் கருதுகோள்.
எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் ஒன்பதாம் கிணறு,
ஒரு சோளக்காடு தாண்டி அந்தப் பக்கம் பத்தாம் கிணறு.
டேப் இரண்டிலும் ஒரே எண்ணைச் சொன்னது,
சென்டிமீட்டர் பிசகாமல்.
ஜனவரியிலேயே முதல் அத்தியாயம் செத்துப்போனது.

நட்டு தண்ணீரைத் தொடும்போது ஒரு சத்தம் வரும்.
டிசம்பரில் அது களக்.
பிப்ரவரியில், கீழே யாரோ சப்புக்கொட்டியதுபோல.
ஏப்ரலில் பல கிணறுகளில் கல்லில் இரும்பு.
இதுக்கு என்ன எழுத என்பாள் ஷம்லா.
டீச்சரிடம் மலையாளத்தில் பேசி
எனக்குள் தமிழில் நினைத்து
ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கை.
ஆழம் என்ற சொல்லுக்கு மட்டும்
இரண்டு பேச்சிலும் ஒரே வாய் போதுமாக இருந்தது.

போர் போடுற கம்பெனியா என்றார்கள்.
தண்ணிக்கு வரி வரப்போகுதா என்றார்கள்.
தென்னை உச்சியிலிருந்து ஒருவர்
பைப்பு எப்ப வரும் என்று கத்தினார்.
நாங்கள் ஜாக்ரபி என்று திருப்பிக் கத்தினோம்.

மே மாதம் இருபத்துமூன்றாம் கிணறு
எல்லாவற்றையும் விட்டு மேலே வந்து நின்றது.
ஐந்தரை மீட்டர்.
சுற்றிலும் பதினெட்டு, இருபது, இல்லையென்றால் கல்.
வரைபடத்தில் அந்தப் புள்ளி மட்டும்
வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவள்போல.
ராத்திரி முழுக்கப் பாறைப் பிளவுகளைப் பற்றிப் படித்தேன்.
யாரும் அறியாத ஊற்று ஒன்று என் பெயரில் இருக்கலாம்.
கொஞ்சம் பேராசைதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை.
பூவாத்தா அக்கா வாசலில் லாரி டயர்த் தடம்,
இன்னும் காயாத ஈரத்தில்.
டீ கொடுத்தார். குடிக்கும்வரை பேசவில்லை.
பிறகு,
"ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வர்றாங்க கண்ணு.
மாப்ள ஊட்டுக்காரங்க மொதல்ல கெணத்தத்தான் எட்டிப் பாப்பாங்க.
மூணு டேங்கர். ரெண்டு ஆட்ட வித்தோம்.
எழுதிராதீங்க."

கைகள் பழக்கத்தில் டேப்பை இறக்கின.
ஒரே ராத்திரியில் ஒரு சாண் இறங்கியிருந்தது.
அக்கா எண்ணைப் பார்க்கவில்லை, எங்கள் முகத்தைப் பார்த்தார்.
ஷம்லா விரல்விட்டு எண்ணினாள்,
இன்றைக்கு, நாளைக்கு, ஞாயிறு காலை.
ஆறு மீட்டருக்குள்தான் நிற்கும் அக்கா,
எட்டிப் பார்த்தால் வானம் தெரியும் என்றாள்.
ஆறு மாதத்தில் எங்கள் கணக்கு
ஒருவருக்குப் பயன்பட்டது அந்த ஒருமுறை.

இருபத்துமூன்றை முழுதாக நீக்கினேன்.
அட்டவணை, வரைபடம், பொருளடக்கம், எல்லாவற்றிலும்
நாற்பத்திரண்டைத் தேடி நாற்பத்தொன்றாக்கினோம்.
நகல் கடையில் அட்டை நீலம் தீர்ந்துபோய் ரோஸில் கட்டித்தந்தார்கள்.

வாய்மொழித் தேர்வுக்குத் திருச்சூரிலிருந்து வந்தவர்
வரைபடத்தின் மேல் பேனாவை ஓட்டி
இருபத்திரண்டுக்கும் இருபத்துநாலுக்கும் நடுவில் நிறுத்தினார்.
"இவிடெ எந்து பற்றி?"

இருநூற்று நாற்பத்தாறு அளவுகள்,
எல்லாம் இரண்டுமுறை எடுத்தவை,
எதைக் கேட்டிருந்தாலும் நிரூபித்திருப்பேன்.
டேப் சிக்கிக்கொண்டது சார் என்றேன்.
ஷம்லா தன் நகங்களைப் பார்த்தாள்.

அடுத்தமுறை ஸ்டீல் டேப் வாங்கச் சொன்னார்.
குறித்துக்கொண்டேன்.